சக்கரத்துக்கு வைக்காத கல்லு

மூணாங்கிளாஸ் தாண்டாதவன் நான். ஏலக்காய் உலர்த்துற ஸ்டோர் கட்டினேன், மலையில தோட்டம் வாங்கினேன், போடியில ஆறு ஜீப்பு ஓட விட்டேன். இன்னைக்கு அப்பா ஓட்டின பழைய பிக்கப்பையும் பழுது பார்த்துப் புது டயர் மாட்டியாச்சு. அந்த ரப்பர் வாசனை என்னை, சின்னப் பையனா அப்பாகூட வண்டியில போன குரங்கணி மலை ஏத்தத்துக்கு இழுத்துட்டுப் போச்சு.

ஏத்தத்துல வண்டி நின்னா, குதிச்சு இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல்லு வைக்கிறது என் சோலி. அன்னைக்குக் கொய்யா மரத்தைப் பார்த்துக்கிட்டே, "வச்சுட்டேன்ப்பா"ன்னு கத்தினேன். வைக்கல. மூட்டைக்குக் கயிறு இறுக்கப் பின்னாடி வந்த அப்பா காலு மேல வண்டி உருண்டு ஏறுச்சு. "பிரேக்கை நான்தான் சரியாப் போடல"ன்னு சாகுற வரைக்கும் சொன்னாரு. நானும் வாயத் திறக்கல.

"ஐயா, உங்கப்பா பிரேக் போட மறந்த வண்டிதானே இது?"ன்னு மெக்கானிக் சிரிச்சான்.

"ஸ்டோரு, தோட்டம், ஜீப்பு எல்லாம் நானே செஞ்சதுன்னு ஊரே சொல்லுதுல்ல? கல்லு வைக்காம எங்கப்பா காலை ஒடிச்சதும் நான்தான். இனிமே அதையும் என் பேர்லயே சொல்லுங்கப்பா."