பைத்தியத்தில் நின்ற வண்டி

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இம்மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களில் அவர் கையால் ஏதேனும் உதவி பெறாதவர்கள் குறைவு. அதே உறவினர்களில் பலர், "பெரியவர் நல்லவர்தான், ஆனால் வாலிபத்தில் சித்தம் கொஞ்சம் கலங்கியிருந்ததாமே, அதனால்தான் கல்யாணம் நடக்கவில்லையாமே" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதும் உண்டு. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பேச்சுக்கு வித்திட்டவன் நான்.

அண்ணனின் நற்குணங்களை மட்டும் எழுதினால் போதும் என்றார்கள் என் மகள்கள். நற்குணங்களை எழுத வேண்டுமானால் இதையும் எழுதாமல் முடியாது.

அண்ணன் பிறந்தது மேனாம்பேட்டில். எங்கள் பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்த நிலங்களில் தொழிற்சாலைகள் எழும்பியபோது, அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அவற்றுள் ஒன்றில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா காலமான பிறகு அம்மாவையும் என்னையும் அவரே காப்பாற்றினார். நான் பி.ஏ. படித்தது அவருடைய உழைப்பில்.

அறுபதுகளின் பிற்பகுதியில், அந்தத் தொழிற்சாலையில் இயந்திரங்களை நிறுவ இத்தாலியிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தார். கப்பலில் தன் மோட்டார் சைக்கிளையும் கொண்டு வந்திருந்தார். சிவப்பு டேங்க், ஒல்லியான உடம்பு, நம் ஊர் வண்டிகளைவிடக் கூர்மையான சத்தம். நம் வெயிலும் புழுதியும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பும்போது, ஓடாமல் நின்ற அந்த வண்டியை, தன்னோடு இரண்டு ஆண்டு வேலை செய்த அண்ணனுக்கே முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணனிடம் இருந்த ஸ்பானர் எதுவும் அதன் நட்டுகளுக்குப் பொருந்தவில்லை. நம்மிடம் இருந்தவை அங்குலக் கணக்கு. அந்த வண்டி மில்லிமீட்டர் கணக்கு. அண்ணன் இரும்புப் பட்டையை அரத்தால் ராவி, ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு ஸ்பானராகத் தானே செய்துகொண்டார்.

வண்டியோடு வந்த கையேடு இத்தாலிய மொழியில் இருந்தது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு வயதான இத்தாலியப் பாதிரியார் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிறுதோறும் பூசை முடியும் நேரத்துக்குச் சைக்கிளில் போய்க் காத்திருந்தார். பாதிரியார் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல, அண்ணன் நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார். கியர் எதிலும் விழாத நிலையை நாம் நியூட்ரல் என்கிறோம். இத்தாலியர்கள் அதை 'ஃபோல்லே' என்கிறார்களாம். அந்தச் சொல்லுக்குப் பைத்தியம் என்றும் பொருள் உண்டு என்று சொல்லிவிட்டுப் பாதிரியார் சிரித்தாராம். அண்ணன் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்: 'பைத்தியம் – எஞ்சின் ஓடும், வண்டி ஓடாது.'

அன்றிலிருந்து எங்கள் வட்டத்தில் நியூட்ரலுக்குப் பைத்தியம் என்றே பெயர். "பைத்தியத்துல போட்டுட்டு உதை" என்றால், நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட் செய் என்று பொருள்.

வட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை. பூந்தமல்லி காதர் பாய் பித்தளைப் பற்றவைப்பில் கைதேர்ந்தவர். துறைமுக ஏலத்தில் உதிரிபாக மூட்டையாகக் கிடைத்த ஓர் இத்தாலி வண்டியைப் பல வருடமாகக் கோத்துக்கொண்டிருந்தார். ஆவடி ஏகாம்பரத்திடம் இத்தாலி ஸ்கூட்டர் இருந்தது. ஞாயிறு காலையில் கொரட்டூர் ஏரிக்கு அருகில் ஒரு டீக்கடை முன் எல்லோரும் கூடுவோம்.

"இன்னா ஏகாம்பரம், உன் ஸ்கூட்டரு ஒரு பக்கமா சாஞ்சிகினே வருது? ராத்திரி ஊத்திக் குடுத்தியா?" என்பார் காதர் பாய்.

"எஞ்சினு ஒரு பக்கம் கீது பாய், சாயத்தான் சாயும். என்து சாஞ்சாலும் ரோட்டுல கீது. உன்து இன்னும் மூட்டையில கீதே நைனா!"

எந்த ஆயில் ஊற்றுவது, பிளாட்டினம் முனைகளுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்று உச்சிவெயில் வரை வாதம் நடக்கும். கடைசியில் இருவரும், "அண்ணாத்தே, நீ சொல்லு" என்று அண்ணன் பக்கம் திரும்புவார்கள். அவர் ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் பொருத்தி, கண்ணை மூடிக்கொள்வார். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பது போலத்தான். எங்கே பழுது என்று அப்புறம் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

என் கல்லூரி நண்பன் ஒருவனின் வண்டியில் நான் ஓட்டக் கற்றிருந்தேன். அதில் பிரேக் வலது காலில். இத்தாலி வண்டியில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஒரு ஞாயிறு அண்ணனிடம் கெஞ்சி வண்டியை வாங்கி ஏரிக்கரையில் ஓட்டினேன். குறுக்கே ஓர் எருமை வந்தது. பிரேக் என்று நினைத்து வலது காலால் அழுத்தினேன். கியர் மாறி, வண்டி திமிறிக்கொண்டு புதரில் இறங்கியது. எனக்குக் காயமில்லை. டேங்க் நசுங்கியது.

அண்ணன் ஓடிவந்து முதலில் என் கைகால்களைத்தான் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "பி.ஏ. படிக்கிறான், வலது காலு எதுன்னு தெர்ல. உனக்குப் பிக்கப்பு லேட்டுடா."

எல்லோரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரரும் சிரித்தார். அது வேடிக்கைப் பேச்சு என்று இன்று எழுதும்போது எனக்குத் தெரிகிறது. இருபது வயதில் தெரியவில்லை. அந்த வாரம் முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குக் கொரட்டூரில் ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணை ஒருமுறை கோயிலில் பார்த்துவிட்டு வந்து, அம்மாவிடம் சம்மதம் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போனவர், கழுவிய வண்டியையே திரும்பவும் கழுவினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. பெண்ணுக்கும் பிடித்திருந்ததாகத் தரகர் சொன்னார். பெண்ணின் தந்தை அலுவலக உத்தியோகஸ்தர், நிதானமானவர். யாரிடமும் சொல்லாமல் மாப்பிள்ளையை நேரில் பார்த்துவிடலாம் என்று அடுத்த ஞாயிறு டீக்கடையில் செய்தித்தாளோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்கு அவரை அடையாளம் தெரியாது.

அன்று நசுங்கிய டேங்கைத் தட்டி எடுத்து மாட்டிய பிறகு, அண்ணன் கார்புரேட்டரைச் சரிசெய்துகொண்டிருந்தார். வண்டி நியூட்ரலில் நிற்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காதில் ஸ்க்ரூடிரைவர், மூடிய கண், லேசான தலையாட்டல், உதட்டில் ஏதோ முணுமுணுப்பு. ஏகாம்பரம் டீயோடு அவரிடம் போகப் பார்த்தார்.

"யோவ், கிட்ட போவாத!" என்று காதர் பாய் கத்தினார். "அண்ணாத்தே பைத்தியத்துல கீறாரு. இப்ப தொட்டா அவ்ளோதான்!"

"இன்னுமா? காலைலேர்ந்து பைத்தியத்துலயே கீறாரே பாய்!"

நான் கோபம் தணியாமல், மற்றவர்களுக்கு முன்பே கிளம்பிப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். பின்னாலேயே அந்தப் பெரியவரும் வந்தார். தாம் யார் என்று சொன்னார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, பொண்ணைப் பெத்தவன், கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அண்ணனுக்கு மனசு எல்லாம் தெளிவாத்தானே கீது? அங்க பைத்தியம், பைத்தியம்னு பேசிக்கினாங்களே. நானும் கண்ணால பார்த்தேனே."

அவர் என்ன நினைத்துவிட்டார் என்பது எனக்கு உடனே புரிந்தது. ஒரே வாக்கியத்தில் தீர்ந்திருக்கும். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். ஆனால், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது. நான் சொன்னது இதுதான்: "வண்டின்னா அவருக்கு அப்படித்தான் சார்."

பொய் இல்லை. அதனால்தான் அது பொய்யைவிட மோசமானது. பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.

ஜாதகம் ஒத்துவரவில்லை என்று அந்த வாரமே தரகர் வந்து சொன்னார். அண்ணன் அதை நம்பவில்லை. "வண்டி ஓட்டுறவனுக்குப் பொண்ணு குடுக்க பயப்படுவாங்கடா. நியாயந்தானே" என்று என்னிடமே சொன்னார். மறுவாரம், அத்தனை பாடுபட்டு ஓட வைத்த வண்டியை, தான் செய்த ஸ்பானர்களோடும் சேர்த்து ஏகாம்பரத்திடம் ஒப்படைத்தார். வண்டி இப்போது இல்லை என்று கொரட்டூருக்குச் சொல்லியனுப்பினார். வண்டிக்காக இல்லை என்று பதில் வந்தது. அதன்பின் அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு வேறு நல்ல இடத்தில் திருமணம் நடந்தது. பேச்சு மட்டும் கொரட்டூரோடு நிற்கவில்லை. ஆவடிக்கு அருகே கோவில்பதாகை என்ற ஊரில் ஒரு திருமணப் பந்தியில், "பெரியவனுக்கு மூளை சரியில்லையாமே" என்று பக்கத்து இலையில் ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. மறுத்தால், யார் தொடங்கியது என்ற கேள்வி வரும். குனிந்து சாப்பிட்டேன். இரண்டு இடங்கள் வந்து, விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. மூன்றாவது வந்தபோது அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார். அண்ணன் இருக்கத் தம்பிக்குத் திருமணம் நடந்தது. பந்தலில் முதல் ஆளாக நின்று வரவேற்றவர் அவர்தான்.

பிறகு வாழ்நாள் முழுவதும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். என் இரு மகள்களுக்கும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சொந்தமாக வண்டி எதையும் அவர் மறுபடி வாங்கவில்லை. பிறர் வண்டிகளுக்கு மட்டும் காது கொடுத்தார். எங்கிருந்தெல்லாமோ வந்து கேட்டுப் போவார்கள். அவர் யாரையும் குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. வலது கால் பற்றிச் சொன்னாரே, அது ஒன்றுதான்.

சென்ற ஆண்டு மூச்சுத்திணறலால் மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்கேன் எடுக்கப் படுக்கையோடு அழைத்துப் போக வந்த பணியாளரால் அதை நகர்த்த முடியவில்லை. சக்கரத்தின் பூட்டு விடுபடவில்லை. படுத்திருந்த அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பைத்தியத்துல போட்டுத் தள்ளுப்பா."

நர்ஸ் என்னைத் தனியே அழைத்தார். "சார், பெரியவருக்கு நினைவு தப்புதா?"

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே கேள்வி. "இல்லம்மா" என்றேன். குரல் சற்று உரத்துவிட்டது. "நியூட்ரலுக்கு நாங்க வச்ச பேரு அது. அவர் தெளிவாத்தான் இருக்கார். எப்பவுமே தெளிவாத்தான் இருந்தார்."

அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "உனக்குப் பிக்கப்பு லேட்டுடா" என்றார்.

கொரட்டூர் விஷயம் அவருக்குத் தெரிந்திருந்ததா, அது வெறும் பழைய வேடிக்கையா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை. நான்காம் நாள் அவர் காலமானார்.

கடைசி நாள்களில் அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், அந்த நர்ஸுக்கும், இரவு பகலாக உடனிருந்த என் மகள்களுக்கும், தள்ளாத வயதிலும் பூந்தமல்லியிலிருந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுத காதர் பாய்க்கும், ஆவடியிலிருந்து அந்த ஸ்பானர்களைக் கொண்டுவந்து அண்ணன் படத்தின் கீழ் வைத்த ஏகாம்பரத்தின் மகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனின் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை இம்மலரின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறோம். நான் எழுதியிருப்பதை நம்பாதவர்கள் அவர் கையெழுத்தில் பார்த்துக்கொள்ளலாம். மலரின் ஒரு பிரதியைக் கொரட்டூரில் அந்தக் குடும்பத்தாருக்கும் அனுப்புகிறேன். அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவர் வீட்டில் யாரேனும் இதைப் படித்தால், பேருந்து வருவதற்கு முன் அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது:

ஐயா, பைத்தியத்தில் இருந்தது வண்டிதான். எங்கள் அண்ணனுக்குப் பெண்ணைத் தயங்காமல் கொடுங்கள்.