கருவாட்டுக்கு வந்த ஈ

முத்தையன் பிறந்தது 1970 பிப்ரவரி 11, மண்டபத்தூரில். பள்ளிச் சான்றிதழில் 1972 என்று இருக்கும். எண்களோடு அவனுக்கு இருந்த பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. அப்பா கருவாட்டு வியாபாரி. மகன் பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தவறினான். மூன்றாம் முறை எழுதப் போகவில்லை. மீன் லாரிக்குச் சீட்டு எழுதினான், ஐஸ் கம்பெனியில் காவல் இருந்தான். எதிலும் நான்கு ஆண்டு தாண்டவில்லை. ஆனால் எதைக் கேட்டாலும் தெரியும் என்பான்.

2023இல் மாம்பழ ஈயைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சித் திட்டம் ஒன்று வந்தபோது அவன் கள உதவியாளர் ஆனான். பழ ஈ, காயின் தோலுக்கு அடியில் முட்டை வைக்கும். பழுக்கும்போது உள்ளே புழு இருக்கும். வெளியே ஊசிக் குத்தளவுதான் தெரியும். இதற்குப் பிளாஸ்டிக் டப்பாவில் வாசனை மருந்து ஊறிய மரக்கட்டை ஒன்றை வைத்து மரத்தில் கட்டுவார்கள். அந்த வாசனைக்கு ஆண் பழ ஈ மட்டும் வந்து சாகும். ஆண் குறைந்தால் முட்டை பொரியாது. பூவம் கிராமத்தில் அமுதம் என்ற பெண்ணின் தோப்பில் பத்தொன்பது மரங்களுக்கு எட்டு டப்பா கட்டினார்கள். புதன்கிழமைதோறும் செத்த ஈயை எண்ணி எழுதுவது முத்தையன் வேலை. இதைவிட எளிய வேலையை மனிதனுக்குக் கொடுக்க முடியாது.

திட்டத்தை நடத்திய சசிதரன் ஏப்ரல் 12 அன்று வந்து டப்பாவோடு படம் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் பார்த்ததெல்லாம் முத்தையன் கைப்பேசியில் அனுப்பிய எண்கள்தான்.

அமுதத்துக்கு அறுபத்திரண்டு வயது. ஆண்டுதோறும் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு அவர் தோப்பிலிருந்து மூன்று கூடை பழம் போகும். சாமி வீதியில் வரும்போது மாடியிலிருந்து இறைக்கிற பழங்களில் அவையும் இருக்கும். பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள் முந்தானையை ஏந்திப் பிடித்து உண்பார்கள். அப்படி ஒருத்தி கடிக்கும் பழத்தில் புழு இருந்துவிடக் கூடாது என்பதுதான் அமுதத்தின் ஒரே கவலை. அதனால் தினமும் காலையில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக் குழியில் மூடிவந்தார். புழு மண்ணில் இறங்கி மறுபடி ஈயாகாமல் இருக்க அதுதான் வழி.

மே 31இல் கட்டைகளின் வாசனை தீர்ந்துவிட்டது. அன்று எட்டு டப்பாவிலும் சேர்த்து ஒன்பது ஈ. புதிய கட்டைகள் காரைக்கால் கிடங்கில் தயாராக இருந்தன, பதினொரு கிலோமீட்டர். முத்தையன் போகவில்லை. மச்சினன் வீட்டில் காதுகுத்து. வீட்டிலிருந்து நெத்திலிக் கருவாட்டை இடித்து எடுத்துவந்து டப்பாவுக்கு ஒரு பிடி போட்டான். ஈ எதற்கு வரும் என்று கருவாட்டுக்காரன் மகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையாம்.

ஈ வந்தது. ஜூன் 7இல் 612. பதினான்கில் 940. இருபத்தொன்றில் 1,105. சசிதரன் மேலேறும் கோட்டுடன் வரைபடம் போட்டு அனுப்பி, பிரமாதம் என்று எழுதினார். என்ன ஈ என்று கேட்கவில்லை. 612 வந்த அன்றே தலை கால் தெரியாமல் போன முத்தையன், இத்தனை செத்த பிறகு உதிர்ந்ததைப் பொறுக்கி முதுகொடிய வேண்டாம் என்று அமுதத்திடம் சொன்னான். எண் பெரியதாக இருந்ததால் அவரும் நம்பி, ஜூன் 8 முதல் பொறுக்குவதை நிறுத்தினார்.

ஜூன் 28, திருவிழாப் பௌர்ணமிக்கு ஐந்து நாள். திருவிழாப் பழத்தோடு படம் எடுக்கச் சசிதரன் வந்தார். அமுதம் அவருக்குக் கொடுக்க ஒரு பழத்தை நறுக்கினார். கொட்டையை ஒட்டி வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. இன்னொன்றை நறுக்கினார். அதிலும் புழு. பிறகு இன்னும் ஆறு. ஐந்தில் புழு.

"தம்பி, ஒங்க டப்பாவுல ஆயிரம் செத்துச்சுன்னா, இது எந்த ஈ வச்ச முட்டை?"

"பக்கத்து ஊரு ஈயா இருக்கும், அக்கா" என்றான் எண்ண வந்திருந்த முத்தையன்.

சசிதரன் டப்பாவைத் திறந்தார். நீல ஈயும் வீட்டு ஈயும் குவிந்து கிடந்தன. பழ ஈ ஒன்றுகூட இல்லை. நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இது என்ன என்றார்.

"நெத்திலி, சார். நீங்க ஈதானே கேட்டீங்க. என்ன ஈன்னு கேக்கலியே."

இந்தப் பதிலை ஒரு தவறாக அவன் இன்றுவரை நினைக்கவில்லை. சசிதரனும் கோபப்படவில்லை, கோபப்பட்டால் தான் வராத பத்து வாரத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அறிக்கையில், தொடர்மழையால் ஜூன் மாதக் கணக்கு விடுபட்டது என்று எழுதினார். அந்த நான்கு புதன்கிழமையும் பூவத்தில் மழை இல்லை. பக்கத்துத் தோப்பில் இருக்கும் என்னிடம் மழைமானி இருக்கிறது.

அமுதம் தோல் கெடாத பழங்களைத் தனியே பிரித்துப் பார்த்தார். அவற்றிலும் நறுக்காமல் சொல்ல முடியாது. நறுக்கிய பழத்தை இறைக்க முடியாது. அந்த ஆண்டு அவர் வீட்டுக் கூடை போகவில்லை. மூன்று கூடை அளவும் குழிக்குப் போயிற்று. திருவிழா அன்று தெருவில் இறைத்தது வெளியூர் லாரியில் வந்த பழம். முத்தையன் கூட்டத்தில் முண்டி இரண்டு பிடித்தான் என்று கேள்வி.

ஜூலை 5 புதன்கிழமை அவன் வழக்கம்போல எண்ண வந்தான். அமுதம் டப்பாக்களைக் கழற்றிக் கழுவி வாசலில் அடுக்கி வைத்திருந்தார்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. என் மரத்துப் பக்கம் இனிமே வராதீங்க."

எட்டு டப்பா. முத்தையன் விரல் விட்டு எண்ணி, பதிவேட்டில் ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.