மரியதாஸ் அண்ணையும் வெட்டுக்குத் தப்பிய பெடியனும்

மரியதாஸ் அண்ணை இன்று காலை போய்விட்டார். மாரடைப்பு.

நம்பவே முடியவில்லை நண்பர்களே... புதன்கிழமைகூட டோர்வல் விமான நிலையத்தில் எங்கள் குசினியில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கியபடி, அமெரிக்கன் ஃபுட்போலைப் பற்றி என்னோடு தொண்டை கிழியக் கத்தினார் மனுசன்.

அதுவும் இன்றைக்கா போக வேண்டும்! எங்கள் அணி யாரை வைத்திருக்கிறது, யாரை வெட்டுகிறது என்று அறிவிக்கும் நாள் இது. வருடம் முழுக்க அவர் காத்திருப்பதே இதற்குத்தான்.

அணியின் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். சீசன் தொடங்கும் வரை அதை வெளியில் சொன்னால் ராசி கெட்டுவிடும் என்பது அண்ணையின் சட்டம். கனடா எல்லைக்கு அந்தப் பக்கத்து அணி, அவ்வளவு போதும்.

தெரியாதவர்களுக்கு... சீசனுக்கு முதல் ஓகஸ்டில் சில வெள்ளோட்ட மாட்சுகள் நடக்கும். வென்றாலும் தோற்றாலும் கணக்கில்லை. புதுப் பெடியன்களை இறக்கிப் பார்ப்பார்கள். பிறகு அவர்களில் முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதுதான் வெட்டு.

இது தெரியாமல் கனடா வந்த புதிதில் அண்ணை நன்றாக மாட்டுப்பட்டார். ஒரு வெள்ளோட்ட மாட்சில் பறந்து பறந்து பந்து பிடித்த ஒருவனை ரீவியில் பார்த்துவிட்டு, எல்லை கடந்து பிளாட்ஸ்பர்க் வரை போய், அவனுடைய பெயரை அடிப்பித்து ஒரு ஜேர்சி வாங்கினார்.

சீசனின் முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். "அவனைப் போன கிழமையே அனுப்பிவிட்டார்களே" என்று ஒரு கியூபெக் டிரைவர் சொல்ல, குசினியே விழுந்து விழுந்து சிரித்தது.

அண்ணைக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. மன்னாரில் கோயில் பங்கு அணிக்கு உதைபந்து ஆடியவர் அவர். "எங்கட ஊரில கோல் அடிச்சவனை அடுத்த மாட்சில வெளியில இருத்தினால், சனம் கிரவுண்டுக்குள்ள இறங்கியிடும், தெரியுமே?"

அன்றிலிருந்து ஒவ்வொரு ஓகஸ்டிலும் வெட்டுப்படப் போகிற ஒருவனைத் தேடிப் பிடித்துத் தத்தெடுப்பார். ஒருத்தன்கூட நிலைத்ததில்லை! நான் நக்கலடிப்பேன், அவர் முறைப்பார்.

அணியைப் பற்றிய அண்ணையின் விமர்சனம் முழுக்கக் கலியாணவீட்டுப் பாஷையில்தான் இருக்கும். பந்தை எறிகிறவன் மாப்பிள்ளை. அவனில் ஒருவரும் கைவைக்காதபடி முன்னால் நின்று மறிக்கிற தடியன்கள் எல்லாரும் தோழன்மார்.

புதன்கிழமை நடந்த வாக்குவாதத்தை அப்படியே எழுதுகிறேன்.

"மாப்பிள்ளையின்ர தோள்மூட்டு இப்ப சுகம். எறியிறதைப் பாத்தனியே? பயம் தோழன்மாரிலதான். இடப்பக்கம் நிக்கிறவன் புதுசு, கால் அசையுதில்லை."

"மற்ற அணி பந்தோட வரேக்க தடுக்கிற எங்கட ஆக்களுக்கு வயசு போட்டுது அண்ணை," என்றேன் நான். "மார்கழிக் குளிருக்கு அவங்கட முழங்கால் தாங்காது."

"அதுக்கிடையில நாங்கள் வெண்டு முடிச்சிடுவம் தங்கச்சி! ஓடிப்போய்ப் பந்து பிடிக்கிற அந்தச் சின்னப் பெடியன் இருக்கிறானெல்லே, கடைசி வரிசையில... கை பிசின் மாதிரி. அவனை மட்டும் வைச்சிருந்தாங்கள் எண்டால் இந்த வருசம் கிண்ணம் எங்களுக்குத்தான்."

"அவனும் வெட்டுத்தான் அண்ணை."

"இல்லை. இவன் நிப்பான்."

சொல்லிவிட்டுத் தட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

உண்மையைச் சொன்னால் அந்தப் பெடியனை எனக்கும் பிடிக்கும். கடைசி வெள்ளோட்டத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுக்க, ஒற்றைக் கையால் பந்தை எடுத்தானே... நான் கதிரையை விட்டு எழும்பிக் கத்திவிட்டேன். அண்ணையிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை, பிறகு மனுசனைப் பிடிக்க முடியாது!

பின்னேரம் லவாலில் அவருடைய வீட்டுக்குப் போனேன். வீடு நிறையச் சனம். செபமாலை நடந்துகொண்டிருந்தது.

மூலையில் ரீவி... சத்தத்தை நிறுத்தி, ஸ்போர்ட்ஸ் சேனல் போட்டிருந்தது. யாரோ அதை நிறுத்தப் போக, "அதில தொடாதேங்கோ" என்றார் திரேசா அக்கா.

திரேசா அக்கா அண்ணையின் மனைவி. இது விளையாட்டில்லை, மாடு முட்டுவது என்று திட்டித் தீர்ப்பவர். ஒரு மாட்சுகூடப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கிழமையாக அண்ணை சொல்லிச் சொல்லி, அந்தப் பெடியனுடைய பெயர் மட்டும் அவருக்குப் பாடம்.

நான் போய்ப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். இரண்டு பேருக்கும் கை செபமாலையில், கண் ரீவியின் அடியில் ஓடும் எழுத்தில்.

ஒவ்வொரு அணியாக, வெட்டுப்பட்டவர்களின் பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் அணி வந்தது. ஒரு பெயர், இன்னொரு பெயர், இன்னொன்று... முடிந்து அடுத்த அணி வந்துவிட்டது.

"தங்கச்சி, அவன்ர பேர் வந்ததே?" அக்கா என் கையைப் பிடித்தார்.

"வரேல்லை அக்கா."

"வடிவாப் பாத்தனியே?"

"பாத்தனான். வரேல்லை. அவன் நிக்கிறான் அக்கா!"

அருள் நிறைந்த மரியே பாதியில் நிற்க, அக்கா மேசையில் வைத்திருந்த அண்ணையின் படத்தைப் பார்த்துக் கத்தினாரே ஒரு கத்து...

"இஞ்சரப்பா! உங்கட பெடியனை வெட்டேல்லை!"

செபம் சொல்லிக்கொண்டிருந்தவர் செபமாலையை விட்டுவிட்டு ரீவியைத் திரும்பிப் பார்த்தார். செத்தவீடு என்றும் பாராமல் நான் கைதட்டிவிட்டேன். அக்கா அழுதுகொண்டே சிரித்தார், நானும்தான்.

பிறகு அக்காவே கண்ணைத் துடைத்துவிட்டு, "சரி, விட்ட இடத்தில இருந்து சொல்லுங்கோ" என்றார்.

வாற ஞாயிறு முதல் மாட்ச். அக்கா தன்னோடு இருந்து பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்.

போயிட்டு வாங்கோ அண்ணை.