யாரும் ஆட்சேபிக்காத பெர்னடீன்

பெர்னடீன் கோஷிக் எங்கள் ஊர் போலீஸ் கண்காணிப்பு அலுவலகத்துக்குத் தலைவியான கதையை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவன் நான். நம்பாவிட்டால் போங்கள்.

போலீஸ்காரர் அடித்தார், இழுத்தார் என்று புகார் வந்தால் அதைப் போலீஸே விசாரித்து மூடிவிடக் கூடாது என்று நகராட்சி தனியாக வைத்திருக்கும் அலுவலகம் எங்களுடையது. நான் விசாரணை அதிகாரி. பெர்னடீன் தொலைபேசியில் புகார் எழுதிக்கொள்பவர். இருபத்து மூன்று வருஷமாக அதே மேஜை. அழுகிறவர்களை அழவிட்டு, திட்டுகிறவர்களைத் திட்டவிட்டு, கடைசியில் "சரி, இப்ப முதல்லேர்ந்து சொல்லுங்க" என்பார். கூட்டங்களில் வாயே திறக்க மாட்டார். அடுத்த ஜூனில் ஓய்வு. அதுவரை யார் கண்ணிலும் படாமல் ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

பிப்ரவரியில் பழைய தலைவர் கோபித்துக்கொண்டு போனார். பிடித்தது சனியன். இடைக்காலத் தலைவரைப் போட வேண்டியது நகர மன்றம். போலீஸ் சங்கத்துக்குப் பிடித்தவரைக் கண்டால் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஆகாது. இவர்களுக்குப் பிடித்தவர் பெயரைக் கேட்டாலே அவர்களுக்கு வயிற்றெரிச்சல். செவ்வாய்தோறும் கூடுவார்கள், கத்துவார்கள், ஒத்திவைப்பார்கள். இங்கே எங்கள் அலமாரியில் நாற்பத்தொரு புகார்கள் தூங்கின. தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் விசாரணை தொடங்கும். நூற்றெண்பது நாளுக்குள் போடாவிட்டால் புகார் செத்தது.

முதலில் சாக இருந்தது ஒடெசா டிப்ஸின் புகார். பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்ற வாக்குவாதத்தில் ஒரு போலீஸ்காரர் முறுக்கிய வலது மணிக்கட்டு இன்னும் ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. தினமும் காலையில் கூப்பிடுவார்.

"கண்ணு, தலைவர்னு யாராச்சும் வந்தாங்களா?"

"இன்னும் இல்லம்மா" என்பார் பெர்னடீன்.

செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணியோடு அவருக்குக் கெடு முடிய இருந்தது.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. திங்கள் நண்பகலுக்குள் யாரும் எழுத்தில் ஆட்சேபிக்காத தீர்மானங்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, படிக்காமலே, ஒரே கைதூக்கலில் நிறைவேற்றிவிடுவார்கள். எங்கள் தலைவரை நியமிக்கும் தீர்மானத்தைத் தட்டச்சு செய்வது பெர்னடீன். பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டால் மன்றத்தின் கணினி வாங்காது. அதனால் வாராவாரம் சும்மா தன் பெயரைப் போட்டு அனுப்பிவிடுவார். எப்படியும் இரண்டு தரப்பும் ஆட்சேபிக்கும், கூட்டத்தில் மாற்றிக்கொள்ளட்டும் என்று. ஒடெசாவின் கெடு முடிகிற அந்த வாரம் போலீஸ் பக்கத்து உறுப்பினர்கள், ஆட்சேபத்தை மற்றவர்கள் எழுதிக் கொடுப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். மற்றவர்களும் அதையே நினைத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

செவ்வாயன்று இரண்டு வேகத்தடை, ஹாட்டாக் விற்கிற ஒரு வண்டிக்கு உரிமம், பூங்கா பெஞ்சுக்குப் புதுப் பெயிண்ட், பெர்னடீன் எல்லாம் ஒரே கட்டில் போயின. ஒன்பது கைகள் உயர்ந்தன. மன்றத் தலைவர் லெம்பர்க் சுத்தியலைத் தட்டினார்.

"டூலியோ, இப்ப என்ன நடந்துச்சு?" என்றார் மன்றத்தின் பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த பெர்னடீன், வாயில் டோனட்டோடு.

"நீங்க தலைவியாயிட்டீங்க" என்றேன்.

"வெளையாடாத. போய் மாத்தச் சொல்லு."

நான் எங்கே போவது? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காவலாளி வந்து என்னை வெளியே போகச் சொன்னார். வராந்தாவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாள் அலுவலகத்துக்குக் கேக் வாங்கினேன், பலூன் வாங்கினேன். கடையில் 'பெண் குழந்தை பிறந்திருக்கிறது' என்று எழுதிய பலூன்தான் இருந்தது. இருக்கட்டுமே என்று அதையே அவர் நாற்காலியில் கட்டினேன்.

பத்து மணிக்கு லெம்பர்க் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சும்மா. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு ராஜினாமா ஒண்ணு குடுத்துடுங்க. அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. ஜூன்ல ஓய்வூதியம் வருது இல்ல?"

"சரிங்க" என்றார் பெர்னடீன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன சரிங்க? ஒடெசா புகார் என்னாறது?"

"என்னால சண்டை போட முடியாது டூலியோ. இருபத்து மூணு வருஷம் ஒழுங்கா இருந்துட்டேன்."

வியாழன் முழுக்க அவரோடு பேசவில்லை. கேக்கை மட்டும் தின்றேன்.

வெள்ளி நாலரை மணிக்கு ஒடெசா நேரிலேயே வந்து நின்றார். ஆறு மாதமாகக் குரலை மட்டும் கேட்ட ஆள். மணிக்கட்டில் பட்டை, காலில் பஸ் கம்பெனி ஷூ. பலூனைப் பார்த்தார்.

"யாருக்குக் குழந்தை?"

"எங்க தலைவிக்கு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். வாய் சும்மா இருக்கவில்லை.

"தலைவி வந்தாச்சா? எங்க?"

பெர்னடீன் என்னை முறைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாம்மா. செவ்வாய்க்கிழமையிலேருந்து" என்றார்.

ஒடெசா அவர் பக்கம் திரும்பினார். "செவ்வாய்க்கிழமையா? நேத்துகூட இல்லைன்னியே, கண்ணு."

அந்தக் 'கண்ணு'வில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பெர்னடீன் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். புகாரை எடுத்தார். கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், நேரமும் எழுதினார்: 4.41.

"இனி அந்தப் போலீஸ்காரர் வந்து பதில் சொல்லியாகணும்" என்றார்.

ஒடெசா அந்தத் தாளை இடது கையால் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை.

"இவ்ளோதானா? இந்த ஒரு கையெழுத்துக்கா நான் ஆறு மாசம் வீட்ல கெடந்தேன்?"

நான் ஏதோ விதிமுறை, மன்றம் என்று ஆரம்பித்தேன். பெர்னடீன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ஆமாம்மா. இவ்ளோதான்."

பிறகு என் பக்கம் திரும்பாமலே, "டூலியோ, மிச்ச நாப்பதையும் கொண்டா" என்றார்.