பேச்சு ஏற்றம்

ஏற்றம் தொடங்கும் இடத்தில் என் சகலை சைக்கிளை நிறுத்தி, கைப்பிடியில் இருக்கும் மணியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். "இனிமே யாரை ஒதுங்கச் சொல்லப் போறோம்?" என்பார். அதற்கப்பால் மூன்று சிமெண்டுக் கட்டைகள் சாலையை மறித்துக் கிடக்கின்றன. மலையைக் குடைந்து சுரங்கப்பாதை திறந்த பிறகு பேருந்தும் லாரியும் அதற்குள் போய்விட்டன. பழைய மலைச்சாலையை வண்டிகளுக்கு அடைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு கிலோமீட்டர், முப்பத்தொரு வளைவு. கட்டைகளுக்கு நடுவே ஓர் ஆளும் ஒரு சைக்கிளும் நுழைய இடம் உண்டு. சகலை அதில் தலையைக் குனிந்துகொண்டுதான் நுழைவார். குனிய வேண்டிய அவசியமே இல்லை, மேலே வெறும் வானம்தான்.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். வயது ஐம்பத்தாறு. லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் லிஃப்ட் கதவில் காதை வைத்து, மருத்துவர் நெஞ்சைப் பார்ப்பதுபோலக் கேட்பார். "கயிறு முனகுது. இன்னும் மூணு மாசம் தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் ஏறிப் போவார். லிஃப்டில் ஏன் ஏறுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "வாரம் பூரா ஊரையே மேல ஏத்திவிடறேன். என்னை ஏத்திக்க எனக்குத் தெரியாதா?"

அவருடைய சைக்கிளை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பச்சை நிறம், மூன்றே கியர், மூட்டை சுமக்கும் வண்டியின் எடை. இருக்கையின்மேல் பழைய லிஃப்டின் தரை ரப்பரை வெட்டி ஒட்டியிருக்கிறார். கால்சட்டையின் நுனி சங்கிலியில் மாட்டாதிருக்கத் துணி காயப்போடும் கிளிப் இரண்டு. தொப்பை உண்டு. பையில் நான்கு ஆரஞ்சு, இரண்டு அவித்த முட்டை, ஒரு ஸ்பேனர்.

எனக்கு இந்த மனிதர்மேல் பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவன். மன நிறைவு என்றால் என்னவென்று ஆண்டுக்கு நாற்பது பேருக்கு விளக்கி, அதில் தேர்வும் வைக்கிறேன். சகலை விளக்கியதில்லை. ஞாயிறு மாலை வெயிலில் சிவந்த முகத்தோடு வந்து, எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கிளாஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அப்பாடா" என்கிறார். அந்த ஒரு சொல்லுக்குள் இருப்பதைத் தேடி நான் இருபது வருடமாகப் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

போலித்தனம் ஏதாவது அகப்படுமா என்று பார்த்திருக்கிறேன். மலைகளைப் பற்றி உருகிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. தூரத்தில் பனி மூடித் தெரியும் கொடுமுடிகளின் பெயர் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. தானே வைத்துக்கொண்ட பெயர்கள்தான். ஒன்று கோணத்தோளன். ஒன்று மாமியார், எங்கிருந்து பார்த்தாலும் நம்மையே பார்ப்பது. நடுவிலிருக்கும் பெரியது மேனேஜர். "பதினோரு மணிக்கு முன்னாடி மேகத்தை விட்டு வெளிய வரமாட்டாரு. வந்தாலும் அரைமணி நேரம்தான். அதுக்குள்ள பாத்துக்கணும்."

ஏற்றங்களையும் அவர் வகை பிரித்து வைத்திருக்கிறார். அதில் பாடப்புத்தகங்களில் காணாத ஒரு கறார் இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பேச்சு ஏற்றம், மூச்சு ஏற்றம், பல்லைக் கடிக்கிற ஏற்றம் என்று மூன்று. பேச்சு ஏற்றத்தில் இரண்டு சைக்கிள்கள் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். எதிரே வண்டி வராது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, சாலையைப் பார்த்தால் போதும். மிதிக்கிற தாளத்தில் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்பது அவர் கட்சி. மூச்சு ஏற்றத்தில் ஒருவர் முன், ஒருவர் பின். பல்லைக் கடிக்கிற ஏற்றத்தில் அவரவர் பாடு. "இறக்கத்துல பேச்சே கிடையாது. அங்க காத்துதான் பேசும்."

இந்தப் பேச்சு ஏற்றத்தில்தான் என் வயிற்றெரிச்சல் உச்சத்துக்குப் போனது. வேறூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மகள், பிப்ரவரி மாதம் வேலையை விட்டுவிட்டு இரண்டு பெட்டிகளோடு வந்து நின்றாள். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாள். மறுநாளும் கேட்டேன், மறுவாரமும் கேட்டேன். கேள்வியை மூன்று பகுதியாகப் பிரித்தும் கேட்டேன். தட்டைக் கழுவிவைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பெரியம்மாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியப்பாவோடு மலைக்குப் போகத் தொடங்கினாள். ஒரே மாதத்தில் காரணம் முழுவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கோ, அவருக்குத் தெரியும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அது அவ சொல்ல வேண்டியது, சகலை. நான் லிஃப்ட்காரன். எவன் எந்த மாடியில இறங்கினான்னு வெளிய சொல்றதில்ல."

"நான் வெளியாளா?"

"நீங்களும் ஒருநாள் வாங்களேன். எங்கிட்ட கேக்கறதைவிட அது சுலபம்."

போனேன். போவதற்கு முன் இருபத்தேழு கியர் கொண்ட சைக்கிள் ஒன்று வாங்கினேன். கையுறை வாங்கினேன். சகலை என் வண்டியை இரண்டு முறை சுற்றிவந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "நம்ம கட்டடத்துல இத்தனை மாடி இல்லியே, சகலை" என்றார். மகள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

மூன்றாவது வளைவிலிருந்து ஒன்பதாவது வரை முதல் பேச்சு ஏற்றம். இடப்பக்கம் பைன் மரங்கள், வலப்பக்கம் தாழ்வான கைப்பிடிச் சுவர். அதற்குக் கீழே பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் மாமியாரும் கோணத்தோளனும். தாரின் விரிசல்களில் புல் முளைத்திருந்தது. நடுக்கோட்டின் வெள்ளை வண்ணம் ஆங்காங்கே மிச்சம். அவ்வளவு அமைதியில் என் முன்னால் அவர்கள் இருவரும் தோளோடு தோளாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மகள் ஏதோ சொன்னாள். அவர் "ஆங்" என்றார். அவள் மறுபடி ஏதோ சொன்னாள். அந்த "ஆங்" என் காதில் அமிலம்போல் இறங்கியது. கியரை மாற்றி, எழுந்து நின்று மிதித்து, இருவரையும் தாண்டிப் போனேன். ஐம்பத்தாறு வயதுக்காரரை ஐம்பத்தொரு வயதுக்காரன் முந்துவதில் என்ன பெருமை இருக்கிறதோ, அது முழுவதும் எனக்குக் கிடைத்தது. ஒன்பதாவது வளைவில் தனியாக நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

பத்து நிமிடம் கழித்து அவர்கள் வந்து சேர்ந்தார்கள். "பேச்சு ஏத்தத்துல யாராவது ஓட்டப்பந்தயம் ஓடுவாங்களா?" என்று கேட்டார் சகலை. கேலி இருந்தது, கோபம் இல்லை. நூலகத்தை விளையாட்டுத்திடல் என்று நினைத்துக்கொண்டு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சரி விடுங்க. இருபத்திநாலுல இன்னொண்ணு இருக்கு. அதான் கடைசி."

அதுவரை மூச்சு ஏற்றமும் பல்லைக் கடிக்கிற ஏற்றமும் மாறி மாறி வந்தன. பதினெட்டாவது வளைவிலிருந்து நான் இறங்கித் தள்ளினேன். சகலை அதே வேகத்தில், ஆறேழு நிமிடத்துக்கு ஒரு வளைவு வீதம், பழைய லிஃப்டைப்போல முனகிக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் நின்று, சைக்கிளை வந்த திசைக்குத் திருப்பிவைத்து, ஏறிய சாலையைப் பார்ப்பார். போகவேண்டிய மிச்சத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அதையும் நான் குறித்துக்கொண்டேன். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இருபத்துநான்காவது வளைவில் சாலை படுத்துக்கொண்டது. நான் மறுபடி ஏறி மிதித்தேன், நெஞ்சு துருத்தியாகிவிட்டது. மகள் எங்கள் இருவருக்கும் நடுவே வந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல அவர் பக்கம் ஒட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அப்போது சகலை திடீரென்று பிரேக் பிடித்தார்.

"அடச்சே. சங்கிலி கழண்டுடுச்சு. நீங்க போய்க்கிட்டே இருங்க. நான் மாட்டிட்டு வரேன்."

"நிக்கறோம் பெரியப்பா."

"எதுக்கு? இதென்ன நாலு பேர் தூக்கற வேலையா? போங்க போங்க. நின்னா கால் பிடிச்சுக்கும்."

போனோம். நூறு மீட்டர் தாண்டியிருப்போம். பிறகு அவள் சாலையைப் பார்த்தபடியே, "நீங்க நினைக்கிற மாதிரி இல்லப்பா" என்றாள்.

நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்கு எப்படித் தெரியும், முதலில் அதைச் சொல் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். மூச்சு இல்லை. "ம்" மட்டும் வந்தது.

அவள் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். இருபத்தைந்தாவது வளைவு போயிற்று, இருபத்தாறாவது போயிற்று. மூன்று இடங்களில் புத்தி சொல்ல நா எழுந்தது. மூன்று இடங்களிலும் நுரையீரல் இடம் தரவில்லை. மறுபடி "ம்" என்றேன். அவள் சொன்னது இங்கே எழுதுவதற்கில்லை. கடைசியில், "உங்ககிட்ட சொன்னா உடனே சரி தப்பு பிரிப்பீங்கன்னு பயம்" என்றாள்.

இருபத்தேழாவது வளைவில் தண்ணீர் குடிக்க நின்றோம். அங்கிருந்து பார்த்தால், அவரை விட்டுவந்த வளைவு நேர் கீழே, கூப்பிடு தூரத்தில், உள்ளங்கைபோலத் தெரியும். சகலை கைப்பிடிச் சுவரின்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, மேகத்தை விட்டு வெளியே வந்திருந்த மேனேஜரைப் பார்த்தபடி ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தார். சுவரில் சாய்ந்திருந்த பச்சைச் சைக்கிளின் சங்கிலி, இருக்கவேண்டிய பல்சக்கரத்தில் ஒழுங்காக இருந்தது.

"பெரியப்பா" என்று மகள் கூப்பிட்டாள்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். மிச்ச ஆரஞ்சை மொத்தமாக வாயில் அடைத்துக்கொண்டு, சுவரிலிருந்து குதித்து, குனிந்து, சங்கிலியை ஒரு விரலால் நெம்பிக் கீழே தள்ளினார். பிறகு கிரீஸ் படிந்த கறுப்புக் கையை, எங்களுக்குத் தெரியும்படி, உயரத் தூக்கிக் காட்டினார்.