நான் இடம் மாற்றிய முட்டைகள்

சர்க்கரை கூடியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால்தான் நான் கடற்கரைக்குப் போகத் தொடங்கினேன். கரமனையில் எங்கள் தெருவிலேயே நடக்கலாம். ஆனால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி, பெண்ணுக்கு வரன் பார்த்தாயிற்றா என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து, அலுவலகத்துக்கு முன்பு ஸ்கூட்டரில் போய் மணலில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வருவேன்.

தை மாதத்தில் ஒரு காலை, கடலிலிருந்து டிராக்டர் ஏறி வந்து திரும்பிப் போனது போல மணலில் ஒரு தடம் கிடந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் அருகில் வந்தார். என் வயதுதான் இருக்கும். அவர் வீடு கடற்சுவருக்குப் பின்னால்.

"ஆமை கேறியிருக்கு சேச்சி. முட்டை இட்டுட்டுப் போயாச்சு. சின்னதுல நாங்க இதை அவிச்சுத் தின்னிருக்கோம். இப்போ தின்னா கேஸு" என்று சிரித்தார். பிறகு அவரேதான் வனத்துறைக்கு ஃபோன் செய்தார்.

வனத்துறையிலிருந்து ஓர் இளம் பெண் அலுவலர் வந்தார். பங்குனி ஆமை என்று சொல்லி, முட்டைக்குழியைச் சுற்றி மூங்கில் நட்டு வலை கட்டினார். குஞ்சு பொரிய ஐம்பது நாளுக்கு மேல் ஆகும், நாய் தோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மீனவர் வீட்டிலிருந்தே பார்ப்பார், நான் காலையில் வந்து பார்ப்பேன் என்று ஏற்பாடு. அப்படித்தான் நான் ஆமைக் காவலுக்குள் வந்தேன்.

"நம்மாத்துல முட்டையைத் தொடவே மாட்டா. நீ என்னடான்னா அதுக்குக் காவல் காக்கறே" என்றார் என் கணவர். மறுநாளிலிருந்து எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டு வைத்ததும் அவர்தான்.

ஒரு மாதம் கழிந்தது. ஒரு நாள் மதியம் அலுவலகத்தில் எல்லோருடைய ஃபோனிலும் எச்சரிக்கை வந்தது: மாலையில் கள்ளக்கடல். காற்றோ மழையோ இல்லாமல் சட்டென்று கரையேறும் கடலுக்கு இங்கே அதுதான் பெயர். நான் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

அலைகள் வழக்கத்தைவிட மேலே வந்துகொண்டிருந்தன. அலுவலருக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை முயன்றேன். மீனவர் படகைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போட்டிருந்தார்.

"சேட்டா, முட்டையை எடுத்து மேல வெச்சுடலாமா?"

"வேண்டா சேச்சி. அது உள்ளே வளர்ந்துட்டிருக்கும். இப்போ தொட்டா செத்துப் போவும்."

"தொடலைன்னா கடல் கொண்டுபோயிடுமே!"

அவர் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்வளவு தூரம் வராதுன்னு தோணுது" என்றார். தோணுது என்ற சொல் எனக்குப் போதவில்லை. நான் வலையை அவிழ்க்கத் தொடங்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் போய், மீன் கூடையில் ஈரமணலை நிரப்பி எடுத்து வந்தார்.

முட்டையைப் புரட்டக் கூடாது, இருந்தபடியே எடுத்து இருந்தபடியே வைக்க வேண்டும் என்று அலுவலர் சொன்னது நினைவிருந்தது. கைப்பையில் பென்சில் இருந்தது. ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் லேசாக ஒரு கோடு போட்டுக் கூடையில் வைத்தேன். தோல் போல மெத்தென்ற ஓடு. நூறு முட்டைக்கு மேல் இருந்தன. கடற்சுவருக்கு உள்ளே அவர் அதே ஆழத்தில், அடி அகன்ற பானை போலக் குழி தோண்டினார். இரண்டாம் முறை கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது என் கால் புதைந்து கூடை சாய்ந்தது. சில முட்டைகள் உருண்டன. கோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். அவர் பார்த்தார்.

மாலையில் கடல் ஏறியது. வேறோரிடத்தில் ரோட்டைத் தாண்டி வீடுகளுக்குள் புகுந்ததாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம், பழைய குழிக்கு ஏழெட்டு அடி முன்னால் நின்று திரும்பிவிட்டது. மறுநாள் காலை நான் போனபோது மூங்கில்கள் நட்டது நட்டபடி, காய்ந்த மணலில் நின்றன.

அலுவலர் வந்து இரண்டு இடங்களையும் பார்த்தார். முந்தைய நாள் வேறொரு கரையில் இருந்தாராம். "ஒரு மெசேஜ் இட்டிருக்கலாமே, சேச்சி" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த மூன்று வாரமும் நான் நடப்பதை விட்டுவிட்டு அந்தக் குழியருகே உட்கார்ந்திருந்தேன். ஒரு விடியற்காலையில் மணல் நடுவில் குழிந்து, ஒரு மூக்கு வந்தது. பிறகு இன்னொன்று. மொத்தம் இருபத்தெட்டே குஞ்சுகள். கடற்சுவரைத் தாண்டிக் கொண்டுபோய் மணலில் விட்டோம். உள்ளங்கையில் அடங்குகிற அந்த உயிர்கள் துடுப்பை அடித்துக்கொண்டு அலைக்குள் போனதைப் பார்த்து நான் அழுதேன். மீனவரின் மனைவி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

சில நாள் காத்திருந்து, அலுவலர் குழியைத் திறந்தார். பொரியாத முட்டைகள் எல்லாம் அங்கே இருந்தன. பலவற்றில் என் பென்சில் கோடு அழியாமல் இருந்தது. ஒன்றிரண்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பாதி வளர்ந்த ஆமை, கண் மட்டும் பெரிதாக.

"கூடை சாய்ஞ்சுது. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"அதுனாலன்னு சொல்ல முடியாது. தொடாம இருந்தாலும் சில குழியில குறைவாத்தான் குஞ்சு விரியும்" என்றார். அவர் கையிலிருந்த படிவத்தில் காரணம் எழுத ஓர் இடம் இருந்தது. நான் இடம் மாற்றியதையும், கூடை சாய்ந்ததையும் எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு கடற்கரைக்குப் போகவில்லை. கரமனை ஆற்றோரமாக நடந்தேன். நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று கணவர் ஆறுதல் சொன்னார். எனக்கு மனம் ஆறவில்லை. அன்று மதியம் நான் காப்பாற்ற நினைத்தது முட்டைகளையா, அல்லது சும்மா நிற்க முடியாத என்னையா என்று இன்றைக்கும் தெளிவாகத் தெரியவில்லை. ஒருவேளை கடல் இன்னும் பத்தடி ஏறியிருந்தால், இதையே வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன்.

அடுத்த தை மாதம் காலை ஆறு மணிக்கு ஃபோன் வந்தது. மீனவர்தான்.

"சேச்சி, ஆமை ஒண்ணு கேறியிருக்கு. ஃபாரஸ்ட் மேடம்கிட்ட ஃபோன் விளிச்சுச் சொல்லியாச்சு. நீங்க வரலியா?"

"இந்தத் தடவை நீங்க சொல்றபடியே கேக்கறேன், சேட்டா" என்றேன்.

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? அன்னைக்கு நான் சொன்னது ஒத்துப்போச்சு, அத்ரதான், வேற ஒண்ணுமில்ல" என்றார். "இந்தக் குழி கடலுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. மேடம் வர்றதுக்குள்ள வாங்க, பார்ப்போம்."

ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். காபியைக் குடித்துவிட்டுப் போ என்று கணவர் பின்னாலிருந்து கத்தினார்.