பத்மநாதனின் அமைச்சரவை

"உவருக்கு உணவு அமைச்சைக் குடுக்கலாம்" என்கிறார் பத்மநாதன், வாயில் பாதி மட்டன் ரோலுடன்.

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சாமத்தியச் சடங்கு. மண்டபத்தின் கோடியில் சாப்பாட்டு வரிசை. தட்டின் பின்னால் நிற்கும் மனிதர் ஆளுக்கொரு ரோல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கோட் போட்ட ஒருவர் மூன்றாம் தடவையாக வந்து நிற்கிறார். கொடுப்பவர் "அண்ணை, இப்ப சுடச்சுட வரும், இருங்கோ" என்று சொல்லிக்கொண்டே தட்டை மெல்ல மூடுகிறார். கோட்காரர் மனம் நோகாமல் திரும்பிப் போகிறார்.

"பாத்தீங்களே? கை மூடினது, வாய் சிரிச்சது. உது படிச்சு வாறேல்லை. பிறவிக் குணம்."

எந்த நாட்டுக்கு அமைச்சர் என்று கேட்டால் பத்மநாதனுக்குப் பிடிக்காது. "நாடு பிறகு வரும். முதல் ஆக்களைச் சரிபாத்து வைப்பம்" என்பார்.

அவர் பாடசாலை பஸ் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பிற்பகல் ஏற்றப் போகும் வரை மோர்னிங்சைட் கோப்பிக் கடையின் மூலை மேசை அவருடையது. மெலிந்த உடம்பு. அதைவிட இரண்டு அளவு பெரிய குளிர்ச் சட்டை. அதன் உட்பையில் மடித்து வைத்த கழுத்துப்பட்டி ஒன்று எப்போதும் இருக்கும். ஏன் என்று கேட்டேன். "அரசாங்கம் எப்ப அமையும் எண்டு ஆருக்குத் தெரியும்? கூப்பிடேக்கை வீட்டை ஓடேலுமே?"

அந்த மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் அமைச்சர்களாக இருந்தவர்கள். பதவி நீக்கமும் உண்டு. இரவல் வாங்கிய பனி அள்ளும் மண்வெட்டியைத் திருப்பித் தராத ஒருவர் ஒரே நாளில் போக்குவரத்து அமைச்சை இழந்தார். இன்றுவரை மேன்முறையீடு செய்துகொண்டிருக்கிறார்.

பத்மநாதனிடம் சித்தாந்தங்களும் உண்டு. "புது நாடு ஒண்டு வந்தால் முதல் கொடிக்குச் சண்டை. பிறகு பாட்டுக்குச் சண்டை. கதிரைக்குச் சண்டை வரேக்கை சனம் களைச்சுப் போயிடும்." இன்னொன்று: "போராடினவனுக்குப் பாதுகாப்பு அமைச்சைக் குடுக்கக் கூடாது. அவன் பழைய சண்டையைத்தான் திரும்பவும் பிடிப்பான். விவசாயத்தைக் குடுங்கோ. மண்ணோட கோவிச்சுக்கொண்டு எவ்வளவு நேரம் நிக்கிறது?"

தெற்கு சூடான் தனி நாடாகப் பிறந்த நாளில் அவர் தொலைக்காட்சியின் முன் இருந்து கண்ணைத் துடைத்தாராம். மனைவி பாலேஸ்வரி, ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறி அடுப்பை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறார். "கொடி ஏறுது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார் இவர். பாலேஸ்வரி திரும்பிப் போய் அடுப்பை மூட்டினார்.

வீட்டு நிர்வாகத்தைப் பற்றிக் கேட்டால் பத்மநாதன் தணிந்த குரலில் பேசுவார். "வெளிவிவகாரம் மட்டும் என்ர கையில. உள்நாடு, நிதி, நீதி எல்லாம் பாலேஸ். அவ இன்னும் தேர்தல் வைக்கேல்லை." பாலேஸ்வரிக்கு இது பற்றி ஒரே கருத்துத்தான். "உந்த மனிசனுக்கு வெளிவிவகாரமே கூடிப்போச்சு. போன கிழமை குப்பைப் பெட்டியை வெளியில வைக்க மறந்திட்டார்."

இப்படிக் காற்றில் அரசாங்கம் அமைத்துக்கொண்டிருந்தவருக்கு இந்த வருடம் உண்மையாகவே ஒரு சுதந்திரம் கிடைத்தது.

மோர்னிங்சைட் மூத்தோர் மன்றம் யூனியன்வில்லில் இருக்கும் தாய்ச் சங்கத்தின் ஒரு கிளையாகத்தான் இருந்து வந்தது. பொங்கல் அங்கே. கூட்டம் அங்கே. நயாகராச் சுற்றுலா பஸ்ஸும் அங்கிருந்துதான் புறப்படும். முழங்கால் வலியோடு மூன்று பஸ் மாறிப் போய், வேறு யாரோ எடுத்த தீர்மானத்துக்குக் கை தட்டிவிட்டு வரவேண்டும். பத்மநாதனும் கஸ்பரும் சேர்ந்து பிரிவினைக் கோரிக்கையை எழுப்பினார்கள். கஸ்பர், பத்மநாதனுக்கு மூத்தவர், நல்ல குரல்வளம் உள்ளவர், தேவாலயத்தில் வாசகம் வாசிப்பவர். ஒவ்வொரு கூட்டத்திலும் பத்மநாதன் விடயத்தைச் சொல்லிக் கொடுப்பார், கஸ்பர் எழுந்து முழங்குவார். யூனியன்வில்காரர்கள் கடைசியில் களைத்துப்போய்ச் சம்மதித்தார்கள். உளுந்து வடையும் கொடுத்து அனுப்பினார்கள்.

முதல் நிர்வாகத்தைத் தெரிவதற்கு ஒரு சனிக்கிழமை பிற்பகல் சமூக நிலையத்தில் கூடினார்கள். நிலையத்தின் நிபந்தனை ஒன்றுதான்: ஐந்து மணிக்குள் முறையான நிர்வாகம் ஒன்று தெரிவாகவேண்டும். இல்லாவிட்டால் அந்த அறை வருடம் முழுக்க ஒரு ஜூம்பா நடன வகுப்புக்குப் போய்விடும். அறை இல்லாவிட்டால் மறுபடியும் யூனியன்வில்தான்.

பத்மநாதன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். பாலேஸ்வரி சட்டையைக்கூட மினுக்கிக் கொடுத்திருந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பதவி பங்கிட்ட மனிதருக்கு அன்றைக்குத் தனக்கென்று ஒன்று வேண்டியிருந்தது. தலைவர் பதவி. கோப்பிக் கடையில் வாழ்த்துகளைக்கூட வாங்கி முடித்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், கஸ்பரும் அஜக்ஸில் இருக்கும் மகள் செரீனாவுக்குத் தொலைபேசி எடுத்து, "அப்பாதான் தலைவர்" என்று சொல்லிவிட்டிருந்தார்.

"புது நாட்டில ஒருத்தருக்கும் மனக்கசப்பு இருக்கக் கூடாது" என்று பத்மநாதன் தொடங்கினார். ஆளுக்கொரு பொறுப்பு வழங்கப்பட்டது. தேநீருக்கு ஒருவர், சீனிக்கு வேறொருவர். அறைச் சாவிக்கு ஒருவர், அவர் வராத நாளில் சாவிக்கு இன்னொருவர். பாலேஸ்வரி பொருளாளர், கதிரைகளை எண்ணும் பொறுப்பு எனக்கு. பதவி கிடைக்கக் கிடைக்க ஒவ்வொருவரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு எதிரே போட்டிருந்த நிர்வாக மேசையின் பக்கம் போய் இருந்தார்கள்.

மீதி இருந்தது தலைவர் பதவி, அதற்காக மேசையின் நடுவில் போய் இருந்தவர்கள் பத்மநாதனும் கஸ்பரும். பத்மநாதன் வரட்டுமா என்று கேட்டால் எல்லோரும் "ஓம் ஓம்" என்றார்கள். கஸ்பர் வரட்டுமா என்றாலும் "ஓம் ஓம்" என்றார்கள். யார் முகத்தை யார் முறிப்பது?

"அண்ணை, நீங்கள் துணைத்தலைவரா இருங்கோவன்" என்றார் பத்மநாதன்.

"நாதன், மைக்கில கத்தினது நான்."

"கத்துறதுக்குச் சொல்லித் தந்தது நான்."

"ஓம், அதாலதான் சொல்லுறன், நீ எப்பவும் பின்னால நிண்டால்தான் வடிவு."

ஒன்றாகச் சிறை உடைத்து வந்தவர்களைப் போல் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கஸ்பரின் கை மேசை விரிப்பின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. பத்மநாதனின் கண்கள் கலங்கியிருந்தன என்றுதான் எனக்குப் பட்டது. அறை வெளிச்சம் என்று அவர் சொல்லக்கூடும்.

வாசலில் நிலையத்துப் பெண் ஸ்டெபனி எட்டிப் பார்த்து மணிக்கூட்டைக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் இறுக்கமான உடுப்பில் ஜூம்பா ஆசிரியை ஒலிபெருக்கியுடன் நின்றாள்.

அப்போதுதான் செயலாளர் ஸ்ரீதேவி, ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு மன்றத்தின் யாப்பை வாசித்தார். அது யூனியன்வில்லின் யாப்புத்தான். "புது நாடெல்லாம் உப்பிடித்தான். பழைய எசமான்ர சட்டத்தில பேரை மட்டும் மாத்தினால் சரி" என்று பத்மநாதனே அதை அப்படியே எடுக்க வைத்திருந்தார்.

"நிர்வாகத்தில் எந்தப் பதவியும் வகிக்காத சாதாரண உறுப்பினர் ஒருவர் தலைவரை முன்மொழிய வேண்டும்" என்று வாசித்து முடித்த ஸ்ரீதேவி நிமிர்ந்து பார்த்தார். "சாதாரண உறுப்பினர் ஆர் இருக்கினம்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கம் தரை மட்டும் பளபளத்தது. மன்றம் முழுவதும் மேசையின் இந்தப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது.

"ஒருத்தர் பதவியை விடுங்கோவன்" என்றார் ஸ்ரீதேவி.

தேநீர்ப் பொறுப்பாளர் சீனிப் பொறுப்பாளரைப் பார்த்தார். சீனிப் பொறுப்பாளர் கூரையைப் பார்த்தார். இரண்டாம் சாவிக்காரர், தன்னுடையது அவசரகாலப் பதவி, விடமுடியாது என்றார்.

"ஆட்சி செய்ய ஆயிரம் பேர்" என்று பாலேஸ்வரி முணுமுணுத்தார். "ஆளப்பட ஒரு மனிசர் இல்லை."

பத்மநாதன் அவரைப் பார்த்தார். பிறகு கஸ்பரைப் பார்த்தார். கஸ்பர் இன்னும் விரிப்பை விடவில்லை.

பத்மநாதன் எழுந்தார். தன் கதிரையைத் தூக்கினார். அறையைக் குறுக்கே கடந்து, வெறுமையாகக் கிடந்த அந்தப் பக்கத்தின் நடுவில் அதைப் போட்டு, குளிர்ச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, மன்றத்தின் ஒரே சாதாரண உறுப்பினராகத் தனியாக இருந்தார்.

"மோர்னிங்சைட் மூத்தோர் மன்றத்தின்ர முதல் தலைவரா கஸ்பர் அண்ணையை முன்மொழியிறன்."

கைதட்டல் எழுந்தது. கஸ்பர் எழுந்து எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, "நாதன்" என்றார். மேசை விரிப்பு அவர் கையிலிருந்து விடுபட்டது.

ஸ்டெபனி தலையாட்டிவிட்டுப் போனாள். ஜூம்பா ஆசிரியை ஒலிபெருக்கியுடன் வேறு அறை தேடிப் போனாள். கஸ்பர் தொண்டையைச் செருமி, கண்ணைத் துடைத்து, மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றித் தன் கன்னிப் பேச்சைத் தொடங்கினார்.

"அன்பான மக்களே..."

மக்கள் கையை உயர்த்தினார்.

"தலைவர் அவர்களே, ஒரு கேள்வி."

"நாதன், நான் இப்பத்தானே வாயைத் திறந்தனான்."

பத்மநாதன் கையை இறக்கவில்லை.